காவலுக்குக் கொடுத்த பணம் ஓர் அமானிதம்





புகழ் யாவும் அல்லாஹ்வுக்கே உரியன. சாந்தியும் சமாதானமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

தள்ளாடியைக் கடந்து பாலத்தின் வழியே மன்னார்த் தீவுக்குள் நுழைவோர் முதலில் காண்பது ஒரு பழங்கோட்டையைத்தான். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றி அதனைக் கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. காவல் செய்தோர் மூவரும் மாறினர். ஆனால் காவலுக்கு ஈடு கொடுத்தவர்கள் மாறவில்லை. கடலில் மூழ்கியவனும், வலை வீசியவனும், வயலில் உழுதவனும், கடை வைத்தவனுமே அன்றும் கொடுத்தனர், இன்றும் கொடுக்கின்றனர்.

மீளக்குடியேறிய நம் பெரியவர்கள் சிலர் பள்ளிவாசல் திண்ணையில் இருந்து கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "நாட்டின் பாதுகாப்புக்கென்று எங்களிடமும் வரி வாங்கினார்கள். பாதுகாப்பு வேண்டிய நாளில் எங்களைப் பாதுகாக்க எவரும் இருக்கவில்லை. அப்படியிருக்க அந்த வரி எங்கள் மீது எப்படிக் கடமையாகும்?" என்பதே அக்கேள்வி. இதனைக் கோபத்தின் குரல் என்று ஒதுக்கிவிடலாகாது. இது சட்டத்தின் கேள்வி. ஷரீஅத்தின் கேள்வியும் கூட. வரலாற்றின் துணைகொண்டு இதற்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மதீனா காட்டும் அடிப்படை

ஒரு நிலத்தில் வாழ்வோர் அனைவரும் அந்நிலத்தின் காவற் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இஸ்லாத்துக்குப் புதிய செய்தியன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபின் அங்குள்ள முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் இடையில் எழுதப்பட்ட சாசனத்தில், போர் நிகழும் காலமெல்லாம் யூதர்களும் விசுவாசிகளோடு சேர்ந்து செலவில் பங்கெடுப்பர் என்ற கருத்துடைய விதி காணப்படுகின்றது. சமயம் வேறாயினும் ஊர் ஒன்று. ஆகவே காவலும் ஒன்று, அதன் செலவும் ஒன்று.

627ஆம் ஆண்டு அகழ்ப் போரின்போது மதீனாவின் காவலுக்குத் தேவைப்பட்டது உழைப்பு. அந்த உழைப்பை மக்களிடம் கேட்ட நபியவர்கள் தாமே மண் சுமந்தார்கள், பசியோடு பாறை உடைத்தார்கள். 630இல் தபூக் படையெடுப்புக்குப் பெருஞ்செலவு வேண்டியிருந்தது. அப்போதும் நபியவர்கள் எவர் மீதும் வரி விதிக்கவில்லை. தோழர்களிடம் மனமுவந்த நன்கொடையே கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஏழைகள் தம்மிடமிருந்த கையளவு பேரீச்சம்பழத்தைக் கொண்டு வந்தார்கள்.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. காவலின் சுமை எல்லோருக்கும் பொதுவானது என்பது ஒன்று. சுமை கேட்கும் தலைவன் அதனை முதலில் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

இமாம்கள் விதித்த நிபந்தனைகள்

பிற்காலத்தில் நன்கொடை போதாதபோது ஆட்சியாளர் கட்டாய வரி விதிக்கலாமா என்ற வினா எழுந்தது. அநியாயமாக அறவிடப்படும் வரியை ஹதீஸ்கள் கடுமையாகக் கண்டித்திருப்பதால் உலமாக்கள் இவ்விடயத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு பேசினர். 1111ஆம் ஆண்டு காலமான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'அல்முஸ்தஸ்ஃபா'வில், படையினரின் கையில் பொருள் இருக்கும்போது மக்கள் மீது வரி விதிக்க வழியில்லை என்றும், பொதுநிதி வற்றி, பகைவரின் அச்சமும் உண்மையாக இருந்தால் செல்வர்கள் மீது படைக்குப் போதுமான அளவை விதிக்கலாம் என்றும் விளக்கினார்கள். அவர்கள் குறிப்பிட்டது செல்வர்களை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மங்கோலியர் பக்தாதை அழித்த பின்னர் எகிப்தை நோக்கி வந்தனர். மன்னர் குதுஸ் படைச்செலவுக்கு மக்களிடம் பணம் எடுக்க அனுமதி கேட்டு உலமாக்களைக் கூட்டினார். ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் அனுமதி அளித்தார்கள்; ஆனால் நிபந்தனையோடு அளித்தார்கள். பைத்துல் மாலில் எதுவும் எஞ்சியிருக்கக்கூடாது; அமீர்களிடமுள்ள பொன் கச்சைகளும் விலையுயர்ந்த பொருட்களும் முதலில் விற்கப்பட வேண்டும்; ஒவ்வொரு வீரனும் குதிரையும் ஆயுதமும் மட்டும் வைத்துக்கொண்டு குடிமக்களுக்குச் சமமாக வேண்டும்; அதன் பின்னரே குடிமக்களின் மடியில் கை வைக்கலாம் என்றார்கள். 1260ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐன் ஜாலூத்தில் மங்கோலியர் தோல்வி கண்டனர்.

சில ஆண்டுகளின் பின் சுல்தான் பைபர்ஸ் அதே கோரிக்கையோடு சிரியாவின் உலமாக்களிடம் வந்தார். பலர் ஒப்பமிட்டனர். நாம் ஓதும் 'மின்ஹாஜ்' நூலின் ஆசிரியர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அரண்மனை அடிமைகளின் பொன் கச்சைகளும் பணிப்பெண்களின் அணிகலன்களும் அப்படியே இருக்கையில் மக்களின் பொருளை எடுக்கத் தீர்ப்பளிக்க முடியாது என்பதே அன்னார் கூறிய காரணம்.

அந்தலுஸிலும் இவ்விவாதம் நடந்தது. கிரனடாவில் மதில் கட்டும் செலவுக்காக மக்கள் மீது வரி விதிப்பது கூடாது என்று இப்னு லுப் (ரஹ்) அவர்கள் பத்வா வழங்க, அவரின் மாணவர் இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்கள் பொதுநலத்தின் பேரில் அது கூடும் என்றார்கள். ஆசிரியரும் மாணவரும் கருத்து வேறுபட்ட விடயம் இது. ஆகவே "வரி என்றாலே ஹராம்" என்று அவசரமாகப் பேசுவோரும், "அரசு கேட்டால் எதுவும் ஆகும்" என்று பேசுவோரும் இந்த நீண்ட ஆய்வைப் படிக்காதவர்களே.

உலமாக்களின் சொற்களைத் தொகுத்து நோக்கினால் நான்கு நிபந்தனைகள் கிடைக்கின்றன. தேவை உண்மையாக இருத்தல் வேண்டும். பொதுநிதியும் ஆள்வோரின் ஆடம்பரமும் முதலில் செலவாக வேண்டும். சுமை தாங்கக்கூடியவர் மீதே நீதியாக வைக்கப்படல் வேண்டும். எடுத்த பணம் எடுத்த நோக்கத்துக்கே செலவாக வேண்டும்.

கடலோரத்தின் முத்தும் கொழும்பின் வழக்கும்

இதே கேள்வியைப் பிற சமூகத்தாரும் தம் வழியில் கேட்டுள்ளனர். இங்கிலாந்தில் முதலாம் சார்ள்ஸ் மன்னன், பாராளுமன்றத்தைக் கூட்டாமலே, கடற்கரைக் காவலுக்கென்று 1634இல் 'கப்பற் பணம்' கேட்டான். முதலில் கரையோர ஊர்களிடமும் மறு ஆண்டு உள்நாட்டு ஊர்களிடமும் அது கேட்கப்பட்டது. ஜோன் ஹம்டன் என்பவர் கொடுக்க மறுத்தார். 12 நீதிபதிகளில் எழுவர் மன்னன் பக்கமும் ஐவர் எதிர்ப்பக்கமும் நின்றதால் அவர் வழக்கில் தோற்றார். எனினும் 1641இல் பாராளுமன்றம் அவ்வறவீட்டைச் சட்டவிரோதமென அறிவித்தது. மக்களின் பிரதிநிதிகள் சம்மதிக்காத வரி செல்லாது என்ற விதி 1689இல் அந்நாட்டில் உறுதியாயிற்று.

அந்த விதியைத் தன் நாட்டில் போற்றிய அதே ஆங்கிலேய அரசு இலங்கையில் என்ன செய்தது? இங்கு நிறுத்தப்பட்ட படையின் செலவை இலங்கையின் வருமானத்திலிருந்தே செலுத்த வேண்டுமென லண்டன் பணித்தது. அவ்வருமானத்தில் நம் கரையின் பங்கும் இருந்தது. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புக் காலங்களில் பெரும் பட்டினங்கள் போன்று கொட்டகைகள் எழும். கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளியாளர்கள் வருவர். மறிச்சுக்கட்டியில் நடந்த 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் பிரிக்கப்பட்டது. மூச்சை அடக்கி ஆழம் சென்றவனுக்கு ஒன்று, கரையில் நின்று எண்ணியவருக்கு இரண்டு.

1864ஆம் ஆண்டு நவம்பரில் கொழும்பின் சட்ட நிரூபண சபையில் இந்த இராணுவச் செலவு குறித்துப் பெரும் பிணக்கு ஏற்பட்டது. சபையின் கருத்தைக் கேளாமல் நாட்டின் பணத்தைப் படைக்கு ஒதுக்க முடியாது என்று கூறி உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பதவி துறந்தனர். அவர்களுள் ஜோர்ஜ் வோல், சார்ள்ஸ் லோரன்ஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மறு ஆண்டு வோல் அவர்களின் முன்னின்ற முயற்சியால் 'இலங்கைச் சங்கம்' தோன்றியது. படைச்செலவு பற்றிய இந்தச் சட்டப் பிணக்கே, பொதுப்பணத்தின் மீது மக்கள் பிரதிநிதிகளுக்கு அதிகாரம் வேண்டும் என்ற குரலை இந்நாட்டில் ஓங்கச் செய்தது.

குடியரசின் சட்டமும் பாதுகாப்பு வரியும்

அந்தக் குரல் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் சட்டமாக நிற்கின்றது. பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியதென்றும், பாராளுமன்றம் ஆக்கிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்தப் பகிரங்க அதிகார சபையும் வரி விதிக்கலாகாதென்றும் 148ஆம் உறுப்புரை கூறுகின்றது. குறித்த நோக்கத்துக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படாத வருமானம் யாவும் திரட்டு நிதியில் சேர வேண்டுமென்பது 149ஆம் உறுப்புரை. அந்தக் கணக்கைப் பரிசோதிக்கக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி இருக்கின்றார்.

போர் தீவிரமடைந்த காலத்தில், 1991ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய பாதுகாப்பு வரி கொண்டுவரப்பட்டது. வியாபாரத்தின் புரள்வின் மீது அறவிடப்பட்ட இவ்வரியின் வீதம் காலப்போக்கில் உயர்ந்தது. 2002 ஓகஸ்ட் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்தபோது பொருட்கள் சேவைகள் வரியோடு இதுவும் அதனுள் கரைந்தது. பெயர் மறைந்தது, ஆனால் காவலின் செலவு மறையவில்லை. இன்று நாம் செலுத்தும் பொது வரிகளிலிருந்தே பாதுகாப்புக்கான ஒதுக்கீடும் செய்யப்படுகின்றது.

பாராளுமன்றம் ஆக்கிய சட்டம் என்பதால் அவ்வரி சட்டப்படி செல்லுபடியாகும். அதில் ஐயமில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கூறிய மூன்றாவது நிபந்தனையை இங்கு பொருத்திப் பாருங்கள். செல்வரின் செல்வத்தைப் பார்த்து அறவிடப்பட்ட வரியன்று இது. வியாபாரத்தின் மீது விழுந்து, விலையோடு விலையாகச் சேர்ந்து, வாங்குகின்ற ஏழையின் தலையில் இறங்கிய வரி இது.

யார் அந்த ஏழை? இங்கேதான் மன்னாரின் கதை வருகின்றது.

1990 ஒக்டோபர்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு பணித்தனர். மன்னார்த் தீவில் ஒலிபெருக்கி மூலம் கட்டளை அறிவிக்கப்பட்டது. எருக்கலம்பிட்டியில் ஆயுதம் தாங்கியோர் புகுந்து வீடுகளில் இருந்த பணம், நகை, பொருட்களை எடுத்துச் சென்றனர். எமது தமிழ் அயலவர்களும் கிறிஸ்தவ மதகுருமாரும் இக்கொடுமையைத் தடுக்க முயன்றும் பயனிருக்கவில்லை. தீவின் மக்கள் படகேறிக் கடல் வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். முசலிப் பகுதியார் புத்தளம் நோக்கி நடந்தனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்வாறு விரட்டப்பட்டனர்.

புலிகள் மக்களிடம் எடுத்த பொருளுக்கும் 'மண்ணின் காவல்' என்றே பெயர் சூட்டினர். தமிழ்க் குடும்பங்களிடமும் அந்நாட்களில் தங்கம் கேட்டு வாங்கப்பட்டது. ஆனால் ஒரு மக்களை விரட்டிவிட்டு அவர்களின் பொருளை எடுப்பதற்கு எந்தச் சட்டத்திலும் வரி என்று பெயரில்லை. அது கொள்ளையாகும். அதற்கு எந்த மத்ஹபிலும் அனுமதி கிடையாது.

அரசின் பக்கத்தையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். குடிமக்களைக் காப்பது அரசின் முதற்கடமை. அந்நாளில் அக்கடமை நிறைவேறவில்லை. மறு ஆண்டு பாதுகாப்பு வரி வந்தது. புத்தளத்து ஓலைக் குடிசையில் குடியிருந்த மன்னார் அகதி, கடையில் சவர்க்காரம் வாங்கியபோது அந்த விலையினுள் பாதுகாப்பு வரியின் பங்கும் இருந்தது. எந்தப் பாதுகாப்பு அவனுக்குக் கிடைக்கவில்லையோ, அதற்கான பணத்தை அவன் ஆண்டுக்கணக்கில் கொடுத்தான். திண்ணையில் நம் பெரியவர்கள் கேட்கும் கேள்வியின் வேர் இதுவே.

ஹிம்ஸ் நகரத்தின் விடை

நேயர்களே! இக்கேள்விக்கு 1,300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு விடை நம் வரலாற்றில் இருக்கின்றது.

636ஆம் ஆண்டு. சிரியாவின் ஹிம்ஸ் நகரம் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அந்நகரத்துக் கிறிஸ்தவர்களிடம் பாதுகாப்புக்கு ஈடாக ஜிஸ்யா பெறப்பட்டிருந்தது. ரோமப் பேரரசன் பெரும்படை திரட்டி வரும் செய்தி கிடைத்ததும், யர்மூக்கில் ஒன்றுசேர்வதற்காக முஸ்லிம் படை நகரத்தை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்போது தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள், பெற்ற பணத்தை மக்களிடமே திருப்பிக் கொடுக்குமாறு உத்தரவிட்டார்கள். உங்களைக் காப்போம் என்ற நிபந்தனையில் வாங்கினோம், இப்போது காக்க இயலாதிருக்கின்றோம், ஆகவே பணம் உங்களுடையது என்பதே அன்னாரின் நிலைப்பாடு. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' நூலிலும் பலாதுரீ அவர்கள் தமது வரலாற்று நூலிலும் இச்சம்பவத்தைப் பதிந்துள்ளனர்.

படைக்குப் பணம் மிக அவசியமாயிருந்த நேரம் அது. இருந்தும் திருப்பிக் கொடுத்தார்கள். ஏனெனில் காவலுக்காக வாங்கிய பணம் ஆள்வோரின் சொத்தன்று. அது ஓர் அமானிதம். காவல் தவறினால் அமானிதம் உரியவனிடம் மீள வேண்டும்.

இன்றைய சட்ட மொழியில் இதற்கு இழப்பீடு என்று பெயர். 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் அறிக்கை வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் பற்றிப் பரிந்துரைகளை முன்வைத்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீடுகளுக்கான அலுவலகம் நிறுவப்பட்டது. ஆகவே நம் மக்கள் இழப்பீடு கேட்பதைப் பிச்சை என்றோ சலுகை என்றோ எவரும் எண்ண வேண்டியதில்லை. ஹிம்ஸ் நகரத்தார் கேளாமலே பெற்றதை நாம் கேட்டுப் பெற முயல்கின்றோம். அவ்வளவே.

காவலுக்காக எடுக்கப்படுவது பணம் மட்டுமன்று, நிலமும்தான். சிலாவத்துறையில் முஸ்லிம்கள் குடியிருந்த காணிகளில் கடற்படை முகாம் அமைந்தது. 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்களின் ஊரிலும் கடற்படை நிலைகொண்டது. அவர்களின் காணிகளில் ஒரு பகுதியை விடுவிப்பதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. பொதுத் தேவைக்கு நிலம் எடுக்க அரசுக்கு உரிமையுண்டு. ஆனால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் அறிவித்தலையும் நட்டஈட்டையும் வேண்டி நிற்கின்றது. மஸ்ஜிதுந் நபவிக்கான நிலம் இரு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகத் தர முன்வந்தபோதும் நபி (ஸல்) அவர்கள் ஏற்காமல் விலை கொடுத்தே பெற்றார்கள். அல்லாஹ்வின் இல்லத்துக்கே விலை கொடுக்கப்பட்டதாயின், முகாமுக்கு விலையின்றி எடுப்பது எவ்வாறு நீதியாகும்? முழு நாட்டின் காவற்சுமையை இரண்டு மூன்று ஊர்களின் முற்றத்தில் மட்டும் இறக்கி வைப்பது, சுமை நீதியாகப் பகிரப்பட வேண்டும் என்ற நிபந்தனைக்கு முரணானது. முள்ளிக்குளத்தாருக்காக நாமும் பேச வேண்டும். அயலவரின் உரிமை அது.

நமது கடமை

அப்படியாயின் வரி கொடுக்காமல் இருந்துவிடலாமா? இல்லை. அரசு தன் கடமையில் தவறியது நம் கடமையை நீக்கிவிடாது. வைத்தியசாலையும் பாடசாலையும் பாதையும் அதே திரட்டு நிதியிலிருந்தே நடக்கின்றன. நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்வதாக நாம் கொடுத்த உடன்படிக்கையை நிறைவேற்றுவது மார்க்கக் கடமையாகும். உரிமையைக் கேட்பதற்குரிய இடம் நீதிமன்றமும் பாராளுமன்றமும் ஆணைக்குழுக்களுமே. கணக்கேட்டை மறைப்பது அதற்கு வழியன்று.

வியாபாரிகளாகிய சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ளது. பதிவு செய்த வியாபாரி அதனை வாடிக்கையாளரிடம் வாங்குகின்றார். வாங்கிய அந்தப் பணம் அவருடையதன்று. அதனை அரசுக்குச் செலுத்தாமல் பெட்டியில் வைத்துக்கொள்பவர் அரசை ஏமாற்றுவதோடு, கொடுத்த ஏழையின் அமானிதத்திலும் மோசடி செய்கின்றார். அமீர்களின் பொன் கச்சையைப் பற்றிப் பேசும் நாம் நம் இடுப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இன்னொரு சந்தேகமும் நிலவுகின்றது. செலுத்திய வரியை ஸகாத்தாகக் கணக்கிடலாமா என்று கேட்கின்றனர். கணக்கிட முடியாது. 'அல்லாஹ்வின் பாதையில்' என்ற பங்கு, சம்பளப் பதிவேட்டில் இடம்பெறாத தொண்டர்களுக்குரியது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கம். சம்பளம் பெறும் படைக்கு ஸகாத்தில் பங்கில்லை. வரி நாட்டின் உரிமை. ஸகாத் ஏழையின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைப்பவர் ஏழைக்கே அநியாயம் செய்கின்றார்.

ஆகவே திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விக்கு இதுவே விடை: கொடுங்கள், கணக்கும் கேளுங்கள். கொடுக்காமல் கேட்பவனின் குரலுக்கு வலுவில்லை. கேளாமல் கொடுப்பவனின் பணத்துக்குக் காவல் இல்லை.

1990இல் கையில் ஒரு பையோடு படகேறிய அன்றைய சிறுவர்கள் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டனர். அவர்களின் பெற்றோரில் பலர் தம் ஊர் மண்ணை மீண்டும் மிதிக்காமலே புத்தளத்து மையவாடிகளில் அடங்கிவிட்டனர். அவர்களின் பெயரால் கேட்கப்படும் நீதியைப் பொறுமையோடும் சட்டத்தோடும் ஒற்றுமையோடும் கேட்க அல்லாஹ் நமக்குத் துணை புரிவானாக. நம் நாட்டை எல்லாச் சமூகத்தாருக்கும் அச்சமற்ற நிலமாக ஆக்குவானாக. ஆள்வோருக்கு அபூ உபைதா (ரலி) அவர்களின் நேர்மையையும், நமக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.